பானைக்குள் என்ன போகிறது? வேதித்தொழில் இயக்குநர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

வேதித்தொழில் நிறுவனங்களின் இயக்குநர் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

முப்பது வருடங்களுக்கு மேல் அம்மோனியா, மெத்தனால் ஆலைகளில் ஷிஃப்ட் பார்த்தவன் நான். இப்போது ஓய்வு. உங்களில் யாரையும் எனக்கு நேரில் தெரியாது. ஆனால் நீங்கள் கையெழுத்துப் போட்ட முடிவுகளோடுதான் என் இரவுகள் கழிந்தன. எந்த உலை, எந்த கம்ப்ரசர், எந்த எரிவாயு ஒப்பந்தம் என்று நீங்கள் ஒரு மத்தியானத்தில் தீர்மானித்ததை நாங்கள் இருபது, முப்பது வருடம் ஓட்டினோம். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

கொஞ்ச காலமாக ஆண்டறிக்கைகளில் 'கார்பன் இல்லாத வேதித்தொழில்' என்ற தொடர் கண்ணில் படுகிறது. பக்கத்தில் ஒரு பச்சை இலை, பின்னணியில் காற்றாலை. படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. மெத்தனாலிலிருந்து கார்பனை எடுத்துவிட்டால் மிஞ்சுவது தண்ணீரும் கொஞ்சம் ஹைட்ரஜனும். பாலிஎத்திலீனிலிருந்து எடுத்தால் வெறும் ஹைட்ரஜன்தான். பெயின்ட், பசை, மாத்திரை, நைலான், டயர் எல்லாமே கார்பன் எலும்புக்கூட்டின் மேல் கட்டியவை. மின்சாரத் துறை கார்பனைக் கைகழுவலாம். காற்றிலும் வெயிலிலும் ஓட்டினாலும் அதன் சரக்கு அதே மின்சாரம்தான். நமக்கு அது முடியாது. கார்பன் நம் சரக்கின் உடம்பிலேயே இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும்தான் நம்மால் மாற்ற முடியும்.

இது தெரியாதவர்கள் அல்ல நீங்கள். இருந்தும் கூட்டங்களில் பேச்சு முழுக்க எரிபொருளைச் சுற்றியே நடக்கிறது. மூலப்பொருள் என்ற சொல் வருவதே அபூர்வம். சர்வதேச எரிசக்தி முகமை 2018-ல் பெட்ரோ வேதிப்பொருள்கள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்தத் துறைக்குள் ஆற்றல் என்ற கணக்கில் வரும் எண்ணெய், எரிவாயு, நிலக்கரியில் ஏறக்குறைய பாதி எரிக்கப்படுவதே இல்லை, பொருளாக மாறுகிறது என்று அதில் சொல்லியிருந்தார்கள். எரியாத அந்தப் பாதியைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ராத்திரி. எரிவாயுவை நீராவியோடு சேர்த்து உடைக்கும் ரிஃபார்மர் உலையின் பக்கச் சுவரில் சின்னப் பார்வைத் துளைகள் இருக்கும். மூடியை விலக்கிவிட்டு, முகத்தைக் கொஞ்சம் தள்ளியே வைத்துக்கொண்டு உள்ளே பார்க்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு மீட்டர் உயரக் குழாய்கள் வரிசை வரிசையாக ஆரஞ்சு நிறத்தில் தகதகத்துக்கொண்டு நிற்கும். ஏதாவது ஒரு குழாயில் மட்டும் நிறம் வெளுத்து, பட்டை பட்டையாகத் தெரிந்தால் உள்ளே வினையூக்கி கெட்டுவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கு ஷிஃப்ட் பொறுப்பாளரிடம் கேட்டேன்: "சார், எரிவாயு எரியவும் செய்யுது, சரக்காவும் ஆகுது. எது எங்கே போகுது?" அவர் சொன்னார்: "தம்பி, குழாய்க்கு வெளியே போறது அடுப்புக்கு. குழாய்க்குள்ளே போறது பானைக்கு. அடுப்புல வேற விறகு வைக்கலாம். பானைக்குள்ளே என்ன போடறோமோ அதுதான் சமையல்."

வருகிற எரிவாயுவில் பெரும்பாலும் மூன்றில் இரண்டு பங்கு பானைக்குத்தான் போகும். நீராவியோடு சேர்ந்து உடைந்து ஹைட்ரஜன் ஆகும். அதில் இருந்த கார்பன் கரியமில வாயுவாகப் பிரிந்து, வாயுவைக் கழுவும் பிரிவிலிருந்து வெளியேறும். அந்த ஹைட்ரஜனும் நைட்ரஜனும் சேர்ந்ததுதான் அம்மோனியா; அதில் கார்பன் ஓர் அணுகூடக் கிடையாது. ஆனாலும் ஒரு டன் அம்மோனியா செய்வதற்குள் பானையிலிருந்து மட்டுமே ஒரு டன்னுக்கு மேல் கரியமில வாயு வந்துவிடும். அடுப்புப் புகை தனி.

அடுப்பு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அதில் வழி ஓரளவு தெரிந்துவிட்டது. நாம் பயன்படுத்தும் வெப்பத்தில் பெரும்பகுதி காய்ச்சி வடிக்கும் கோபுரங்களுக்குப் போகும் நீராவி. குறைந்த சூட்டை எடுத்து அதிக சூடாக ஏற்றித் தரும் வெப்ப இறைப்பிகளும், கோபுர உச்சியில் வரும் ஆவியையே அழுத்தி மறுபடி அடியில் கொடுக்கும் கம்ப்ரசர்களும் அங்கே நன்றாக வேலை செய்யும். எண்ணெயை உடைத்து, பிளாஸ்டிக்குக்கு மூலமான எத்திலீனை எடுக்கும் கிராக்கர் உலை 850 டிகிரியில் ஓடுகிறது, அதுதான் கஷ்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். பிஏஎஸ்எஃப், சாபிக், லிண்டே நிறுவனங்கள் மூன்றும் சேர்ந்து ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபெனில் 6 மெகாவாட் மின் உலை ஒன்றை 2024 ஏப்ரலில் ஓட்டிக் காட்டிவிட்டன. மணிக்கு நான்கு டன் அளவு ஹைட்ரோகார்பன். சின்ன அளவுதான், ஆனால் உண்மையான குழாயில் உண்மையான சரக்கு.

இதற்கு அப்புறம் ஒன்று நடக்கும். அதை யாரும் ஸ்லைடில் போடுவதில்லை. கச்சா எண்ணெயிலிருந்து பிரியும் லேசான எண்ணெய்தான் நாஃப்தா. அதில் நூறு கிலோவை உடைத்தால் முப்பது கிலோ அளவுக்கு எத்திலீன் கிடைக்கும். கூடவே பதினைந்து கிலோ அளவுக்கு மீத்தேனும் வரும். இன்றைக்கு அந்த மீத்தேன்தான் உலையின் விறகு. உலையை மின்சாரத்துக்கு மாற்றிவிட்டால் அந்த மீத்தேனை என்ன செய்வீர்கள்? வேலிக்கு வெளியே விற்றால் வேறொருவர் எரிப்பார். புகைபோக்கி இடம் மாறும், புகை மாறாது. மறுபடி பானைக்குள் செலுத்த வேண்டுமென்றால் இன்னொரு ஆலை வேண்டும். அடுப்பை மாற்றப் போனாலும் கடைசியில் பானைக் கேள்விக்கே வந்து நிற்கிறோம். நாஃப்தாவைப் போட்டு மின்சாரத்தில் சமைத்தாலும் அது நாஃப்தா சமையல்தான்.

சரி, பானைக்கு வருவோம். முதலில் ஹைட்ரஜன்.

தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து அம்மோனியா செய்வது ஏதோ நேற்றுப் பிறந்த கனவு மாதிரிப் பேசுகிறார்கள். நார்வேயின் ரியூகானில் 1920களின் இறுதியிலேயே நீர்மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரைப் பிரித்து உரம் செய்தார்கள். நாற்பது வருடம் போல ஓடியது. எகிப்தில் அஸ்வான், ஜிம்பாப்வேயில் க்வெக்வே, பெருவில் குஸ்கோ பக்கம், 1960களின் தொடக்கத்தில் பக்ரா அணையின் மின்சாரத்தில் நங்கல் என்று வரிசையாக ஆலைகள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை மின்பகுப்பைக் கைவிட்டது தொழில்நுட்பம் தோற்றதால் அல்ல. மலிவு எரிவாயுவும் எண்ணெயும் வந்தன, மின்சாரத்துக்கு வேறு கிராக்கி வந்தது, அவ்வளவுதான். குளோரினும் காஸ்டிக் சோடாவும் 1890களிலிருந்து மின்பகுப்பில்தான் வருகின்றன. நைலானுக்கு வேண்டிய அடிப்போநைட்ரைலை 1965-லிருந்தே மின்கலத்தில் செய்கிறார்கள். மின்சாரத்தை வேதிவினையின் கருவியாக வைத்திருப்பது நம் தொழிலுக்குப் பழக்கமான வேலை.

பழக்கமில்லாதது அளவுதான். ஒரு டன் அம்மோனியாவுக்கு 178 கிலோ ஹைட்ரஜன். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு, தண்ணீரைப் பிரிக்கும் மின்பகுப்பானில் 50 முதல் 55 யூனிட் மின்சாரம். கம்ப்ரசர்களையும் சேர்த்தால் டன்னுக்கு ஏறக்குறைய 10,000 யூனிட். நாளொன்றுக்கு ஆயிரம் டன் செய்யும் சாதாரண ஆலைக்கு இரவு பகல் நிற்காமல் 400 மெகாவாட்டுக்கு மேல் வேண்டும். வெயிலை மட்டும் நம்பினால், பெரும்பாலான இடங்களில் ஆண்டு சராசரி நிறுவிய திறனில் கால் பங்குக்கும் குறைவு. ஆக 1,600 மெகாவாட்டுக்கும் மேல் பலகைகள், ஒரே ஆலைக்கு. 2024-ல் யாரா நிறுவனம் நார்வேயின் ஹெராயாவில் தொடங்கிய 24 மெகாவாட் மின்பகுப்பான் ஆண்டுக்கு 20,500 டன் அம்மோனியாவுக்கு ஹைட்ரஜன் தருகிறது. உலகம் ஆண்டுக்குச் செய்வது 18 கோடி டன்னுக்கு மேல். பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கில் ஒரு குழி இருக்கிறது, விழுந்தால் எழுவது கஷ்டம். எரிவாயுவிலிருந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுத்தால் ஒன்பது, பத்து கிலோ கரியமில வாயு வரும். அதே ஒரு கிலோவை நிலக்கரி மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்து எடுத்தால்? ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு என்று வைத்தாலும் 45, 50 கிலோ. ஐந்து மடங்கு மோசம். மின்பகுப்பானுக்குப் பச்சை பெயின்ட் அடித்துவிட்டு ராத்திரி இரண்டு மணிக்கு நிலக்கரி மின்சாரத்தில் ஓட்டினால், நான் ஓட்டிய பழைய ரிஃபார்மரே பரவாயில்லை. ஆகவே மின்சாரம் எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேட்டால் பாதிதான் தெரியும். எந்த மணி நேரத்தில் வந்தது என்றும் கேட்க வேண்டும். பசுமை ஹைட்ரஜனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த விதி, சுத்தமான மின்சாரம் உற்பத்தியான நேரமும் மின்பகுப்பான் ஓடிய நேரமும் 2030 முதல் மணிக்கு மணி பொருந்த வேண்டும் என்கிறது. அதுவரை மாதக் கணக்கு போதுமாம். ஆண்டுக் கணக்கில் சான்றிதழ் வாங்கி, பகலில் உற்பத்தியான வெயிலை நள்ளிரவின் கணக்கில் எழுதும் வழக்கம் உங்களிடமும் இருக்கலாம். அதை விதி வரும்வரை காத்திருக்காமல் இப்போதே விட்டுவிடுங்கள்.

மணி நேரக் கணக்குக்குப் போனதும் அடுத்த தலைவலி வரும்: ஆலை ஏறி இறங்கப் பழக வேண்டும். நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் ஒருமுறை ஒரு விநாடிக்கும் குறைவாக மின்னழுத்தம் சரிந்தது. விளக்கு லேசாக மங்கித் தெளிந்தது, அவ்வளவே. ஆனால் கம்ப்ரசர்கள் ஒவ்வொன்றாக டிரிப் ஆகிவிட்டன. எல்லாவற்றையும் மறுபடி சூடாக்கி, அம்மோனியா உருவாகும் தொகுப்பு வினைகலத்தை மணிக்கு இத்தனை டிகிரிதான் என்று அவசரப்படாமல் ஏற்றி, அம்மோனியா கொட்ட ஆரம்பிக்க இரண்டு நாள் ஆனது. தடித்த எஃகுச் சுவர், உள்ளே 150 வளிமண்டலத்துக்கு மேல் அழுத்தம், 400 டிகிரிக்கு மேல் வெப்பம். அதை மேகம் வந்து போகிற வேகத்தில் ஆட்ட முடியாது. அதற்காக முடியாத காரியம் என்றும் சொல்ல மாட்டேன். டென்மார்க்கின் ராமெவில் 2024-ல் தொடங்கிய 10 மெகாவாட் ஆலை, காற்று குறைந்தால் தன் சுமையையும் குறைத்துக்கொள்ளும்படியே வடிவமைக்கப்பட்டது. ஆண்டுக்கு 5,000 டன் என்பது சிறிய அளவு. ஆனால் அங்கே இயக்குபவர்கள் கற்றுக்கொள்வது நமக்குப் பெரிய பாடம். ஹைட்ரஜனைச் சேமிப்பதும் புதிதில்லை. இங்கிலாந்தின் டீசைடில் உப்புப் பாறைக் குகைகளில் 1972 முதல் வைத்து எடுக்கிறார்கள். உப்புப் பாறை இல்லாத இடத்தில்தான் பிரச்சினை. எஃகுத் தொட்டிகளின் செலவு கண்ணைக் கட்டும்.

அம்மோனியாவைப் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உலகின் அம்மோனியாவில் பாதிக்கு மேல் யூரியாவாகிறது. யூரியாவில் கார்பன் உண்டு. ஒரு டன்னுக்கு 0.73 டன் கரியமில வாயு வேண்டும். இன்றைக்கு அது அந்தக் கழுவும் பிரிவிலிருந்து கிட்டத்தட்ட சுத்தமாக, இலவசமாக, பக்கத்து ஆலைக்குப் போகிறது. ரிஃபார்மரை நிறுத்திவிட்டு மின்பகுப்பானை வைத்தால் அம்மோனியா வரும், யூரியா ஆலைக்கு வாயு வராது. 'பசுமை அம்மோனியா' என்று முதல் பக்கத்திலும் 'யூரியா கொள்ளளவு விரிவாக்கம்' என்று ஆறாம் பக்கத்திலும் இருந்த ஓர் அறிக்கையை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கரியமில வாயு எங்கிருந்து என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. யூரியாவில் கட்டிய கார்பன் வயலில் போட்ட சில நாளில் காற்றுக்குத் திரும்பிவிடும் என்பதால் அதைச் சேமிப்பு என்றும் எழுதிக்கொள்ள முடியாது.

அப்படியானால் யூரியாவை விட்டு நைட்ரேட் உரங்களுக்குப் போகலாமே என்பார்கள். போகலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. 1921-ல் ஜெர்மனியின் ஓப்பாவில் வெடித்த நைட்ரேட் கலப்பு உரம் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. 2020-ல் பெய்ரூட் துறைமுகத்தில் கிடந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் என்ன செய்தது என்று எல்லோரும் பார்த்தோம். கிடங்கு, போக்குவரத்து, விதிமுறை எல்லாவற்றையும் சேர்த்து யோசிக்க வேண்டிய முடிவு அது.

இனி கார்பன். என் கணக்கில் இதுதான் மடலின் நடுப்பகுதி, ஏனென்றால் ஹைட்ரஜனுக்கு மின்சாரம் என்று ஒரே பதில் இருக்கிறது. கார்பனுக்கு அப்படி ஒரே பதில் கிடையாது.

மெத்தனாலை எடுத்துக்கொள்வோம். உலகம் ஆண்டுக்கு 10 கோடி டன் அளவில் செய்கிறது, பெரும்பாலும் எரிவாயுவிலும் நிலக்கரியிலும். மெத்தனால் கையில் இருந்தால் அசெட்டிக் அமிலம், ஃபார்மால்டிஹைடு, ஏன் எத்திலீன், புரொப்பிலீன் வரைக்கும் போகலாம். சீனாவில் 2010-லிருந்து நிலக்கரி மெத்தனாலைக் கொண்டு எத்திலீன், புரொப்பிலீன் வகைப் பொருள்களான ஓலிஃபின்களைச் செய்யும் ஆலைகள் பெரிய அளவில் ஓடுகின்றன. ஆகவே மெத்தனாலின் கார்பனை மாற்றினால் பின்னால் வரும் பல பொருள்களின் கார்பனும் மாறும். கரியமில வாயுவோடு ஹைட்ரஜனைச் சேர்த்தால் மெத்தனால் வரும். தாமிர வினையூக்கி, பழகிய வெப்பம், பழகிய அழுத்தம். ஆனால் அந்தச் சமன்பாட்டை ஒருமுறை கையால் எழுதிப் பாருங்கள். கொடுக்கும் ஹைட்ரஜனில் மூன்றில் ஒரு பங்கு மெத்தனாலுக்குள் போகாது, தண்ணீராகி அடியில் வடியும். தண்ணீரைப் பிரித்து எடுத்த ஹைட்ரஜனில் மூன்றில் ஒன்று மறுபடி தண்ணீராகிறது! கரியமில வாயு என்பது கார்பனின் சாம்பல். சாம்பலை மறுபடி விறகாக்கக் கொடுக்கும் கூலி அது. டன் மெத்தனாலுக்கு இதுவும் பத்தாயிரம் யூனிட் வரிசையில்தான் போய் நிற்கும்.

அந்தச் சாம்பலை எங்கே அள்ளுவது? ஐஸ்லாந்தின் ஸ்வார்ட்செங்கியில் 2012 வாக்கில் தொடங்கிய ஆலை புவிவெப்ப மின் நிலையத்தின் வாயுவை எடுத்து மெத்தனால் செய்தது; பின்னர் ஆண்டுக்கு 4,000 டன் செய்யும் அளவுக்கு விரிவாக்கப்பட்டது. 'மெத்தனால் பொருளாதாரம்' என்று பேசிய நோபல் வேதியியலாளர் ஜார்ஜ் ஓலாவின் பெயர் அதற்கு. 2022-ல் சீனாவின் அன்யாங்கில் 1,10,000 டன் ஆலை வந்தது. பெருமையாகச் சொல்கிறார்கள், சொல்லட்டும். ஆனால் அதன் ஹைட்ரஜன் நிலக்கரியைக் கோக் ஆக்கும் உலையின் வாயுவிலிருந்து வருகிறது. பானைக்குள் இன்னும் நிலக்கரிதான். டென்மார்க்கின் காசோவில் 2025-ல் தொடங்கிய 42,000 டன் ஆலை வேறு மாதிரி: சாண எரிவாயு நிலையத்தில் பிரியும் கரியமில வாயு, பக்கத்திலேயே சூரிய மின்சாரம். அதன் மெத்தனாலை வாங்க ஒப்பந்தம் போட்டவர்களில் கப்பல் நிறுவனம் மட்டுமல்ல, பொம்மைக் கட்டை செய்பவரும், மருந்து நிறுவனமும் இருக்கிறார்கள். மூலப்பொருள் என்று புரிந்துகொண்டு வாங்கிய கை அது.

இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் உங்களிடம் கேட்க வேண்டியது தெளிவாகும். நிலக்கரி மின் நிலையப் புகைபோக்கியிலிருந்து எடுத்த கார்பன், ஒருமுறை மின்சாரத்துக்கு, இன்னொரு முறை பொருளுக்கு என்று இரண்டு தடவை உழைக்கும். நல்லதுதான். ஆனால் பொருளை எரித்ததும் அது காற்றுக்குத்தான் போகும். தோண்டியெடுத்த கார்பன் தோண்டியெடுத்ததுதான். அதைவிட, அந்தப் புகைபோக்கியை நம்பி முப்பது வருட ஆலை போட்டால், அது மூடக் கூடாது என்று நீங்களே மனு போடும் நாள் வரும். சுண்ணாம்பு, சிமென்ட் உலைகளின் வாயு கொஞ்சம் வேறு; சுண்ணாம்புக்கல் உடையும்போது அது எப்படியும் வரும். சர்க்கரையை நொதிக்க வைத்து எத்தனால் செய்யும் இடங்களில் கிட்டத்தட்ட சுத்தமான கரியமில வாயு சும்மா வெளியேறிக்கொண்டிருக்கிறது, சாண எரிவாயுவிலும் அப்படியே. அதெல்லாம் நேற்றுவரை காற்றில் இருந்த கார்பன். முதலில் அங்கே குழாய் போடுங்கள். அளவு குறைவுதான், சிதறிக் கிடக்கிறதுதான். ஆனால் கையில் கிடைப்பது அது. நேரடியாகக் காற்றிலிருந்து எடுப்பது கடைசி வழி. பத்தாயிரம் மூலக்கூறுகளில் நாலைப் பொறுக்கும் வேலை, அதற்கு வெப்பமும் மின்சாரமும் நிறைய வேண்டும்.

தாவரக் கார்பனை நேராகவும் எடுக்கலாம். பிரேசிலின் ட்ரியுன்ஃபோவில் 2010 முதல் கரும்பு எத்தனாலிலிருந்து தண்ணீரை நீக்கி எத்திலீன் செய்கிறார்கள், தொடக்கக் கொள்ளளவு 2,00,000 டன். உலகம் செய்யும் எத்திலீன் 15 கோடி டன்னுக்கும் மேல். எல்லாவற்றையும் வயலிலிருந்து எடுக்கப் போனால் வயல் மிஞ்சாது. அதனால்தான் மரத்தூளையும் வைக்கோலையும் பாய்லரில் போட்டு 'பசுமை நீராவி' என்று எழுதும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. நீராவிக்கு மின்சாரம் போதும். கார்பன் உள்ள சரக்கை அடுப்பில் போட்டுவிட்டுப் பானைக்குக் கார்பன் இல்லையே என்று தேடுவது என்ன கணக்கு?

பழைய பிளாஸ்டிக்கைத் திரும்பக் கார்பனாக்குவதிலும் எனக்கு நம்பிக்கை உண்டு; உருக்கி மறுபடி வார்க்க முடிந்ததை வார்ப்பதில் முழு நம்பிக்கை, சூட்டில் உடைத்து எண்ணெயாக்கி கிராக்கருக்குள் விடுவதில் பாதி நம்பிக்கை. அந்த எண்ணெயில் பிவிசியின் குளோரின் வரும், நைட்ரஜன் வரும், குழாயை அரிக்கும். அப்புறம் நூறு டன் நாஃப்தாவில் இரண்டு டன் கலந்துவிட்டு, கணக்குப் புத்தகத்தில் அந்த இரண்டையும் ஒரே வாடிக்கையாளரின் டப்பாவுக்கு ஒதுக்கி 'முழுக்க மறுசுழற்சி' என்று அச்சடிக்கிறீர்கள். கணக்கு விதிப்படி சரியாக இருக்கலாம். டப்பா வாங்குகிறவருக்கு இதை நேர்முகமாக விளக்கிச் சொல்ல உங்களில் எத்தனை பேர் தயார்?

மொத்தமாகக் கூட்டினால் என்ன ஆகும் என்று பார்த்தவர்கள் இருக்கிறார்கள். உலக வேதித்தொழிலைக் கரியமில வாயுவை மூலப்பொருளாகக் கொண்டு மாற்றினால் ஆண்டுக்கு 18,000 டெராவாட் மணிக்கு (ஒரு டெராவாட் மணி என்பது நூறு கோடி யூனிட்) மேல் மின்சாரம் வேண்டும், அது 2030-ல் எதிர்பார்க்கப்படும் உலக மின் உற்பத்தியில் பாதிக்கும் மேல் என்று 2019-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. அதே ஆண்டு ஜெர்மனியின் வேதித்தொழில் தன் சொந்தப் பாதையைக் கணக்குப் போட்டது: ஆண்டுக்கு 628 டெராவாட் மணி. அந்த நாட்டின் அப்போதைய மொத்த மின் உற்பத்தி ஏறக்குறைய அவ்வளவுதான். இந்த எண்களைக் காட்டி 'பார்த்தீர்களா, நடக்காது' என்று மூடிவிடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். நான் அப்படிப் படிக்கவில்லை. சுத்தமான மின்சாரம் அரிதான சரக்கு, அதை வரிசை பார்த்துச் செலவழிக்க வேண்டும் என்றுதான் படிக்கிறேன். ஒரு யூனிட்டை வெப்ப இறைப்பிக்குக் கொடுத்தால் இரண்டு மூன்று யூனிட் வெப்பம் வரும். அதே யூனிட்டை ஹைட்ரஜனாக்கி பாய்லரில் எரித்தால் 0.6 யூனிட் வெப்பம்தான். ஹைட்ரஜனை எரிக்கும் பாய்லருக்கு ஒப்புதல் கேட்டு யாராவது வந்தால் தயவுசெய்து திருப்பி அனுப்புங்கள். அந்த ஹைட்ரஜனுக்கு அம்மோனியாவிலும் மெத்தனாலிலும் வேலை காத்திருக்கிறது. அப்புறம், ஒருமுறை கிழித்து எறியும் உறைக்கு முப்பது வருட கிராக்கர் வேண்டுமா என்பதையும் இந்த எண்களோடு வைத்துப் பாருங்கள்; செய்யாத எத்திலீனுக்கு மின்சாரமே தேவைப்படாது.

விலையைப் பற்றி நான் பேசாமல் விட்டால் நீங்கள் இந்தக் கடிதத்தை மூடிவிடுவீர்கள். புதிய வழி இன்றைக்கு அதிக விலை. ஒளிக்கவில்லை. நம் தொழில் மூலப்பொருளை ஏற்கெனவே பலமுறை மாற்றியிருக்கிறது. விறகைக் காய்ச்சி எடுத்த மெத்தனாலை 1923-ல் ஜெர்மனியின் லாய்னா ஆலையின் அழுத்தக் கலங்கள் ஒதுக்கித் தள்ளின. கார்பைடிலிருந்து வந்த அசெட்டிலீனை நாஃப்தா எத்திலீன் ஓரங்கட்டியது. ஒவ்வொரு முறையும் வந்தது மலிவானது. இந்த முறை மலிவாகும் முன்பே மாறச் சொல்கிறோம், அதுதான் வித்தியாசம். மலிவாகும்வரை காத்திருக்கலாம் என்றால், அந்தக் காத்திருப்பில் ஒரு சிக்கல் உண்டு. நாஃப்தா பெட்ரோலோடு கூடப் பிறந்தது. சாலையில் மின்வண்டிகள் கூடக் கூட பெட்ரோலுக்குக் கிராக்கி குறையும். சுத்திகரிப்பு ஆலைகள் அந்த லேசான எண்ணெயை உங்கள் வாசலில்தான் கொண்டுவந்து கொட்டும், இன்னும் குறைந்த விலைக்கு. சந்தை உங்களைத் தானாக மாற்றும் என்று நினைத்தால், அது எதிர்ப்பக்கம் இழுக்கும். அரசுகள் விதி போட வேண்டும், சரிதான். ஆனால் விதி வேண்டாம் என்று வாதாட வக்கீல் அனுப்புவதும் நீங்கள்தானே.

ரிஃபார்மர் குழாய்களுக்குத் திரும்புகிறேன். அவற்றின் வடிவமைப்பு ஆயுள் பொதுவாக 1,00,000 மணி நேரம், பதினோரு வருடத்துக்குச் சற்று மேல். வடிவமைத்த வெப்பத்துக்கு மேல் 20 டிகிரி கூடினாலே ஆயுள் பாதியாகிவிடும் என்பது எங்கள் கைக்கணக்கு. அதனால்தான் ராத்திரியில் அந்தத் துளைவழியே அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆயுள் முடியும்போது பராமரிப்புத் துறையிலிருந்து ஒரு கோப்பு வரும்: குழாய் மாற்றம், வழக்கமான செலவு, ஒப்புதல் தேவை. கூட்டத்தின் கடைசியில், எல்லோரும் கிளம்பும் நேரத்தில், ஐந்து நிமிடத்தில் அது கையெழுத்தாகும். 'நிகர பூஜ்யம் 2050' என்று மேடையில் பேசும் பேச்சைவிட அந்தக் கையெழுத்துக்குத்தான் கனம் அதிகம். அதோடு அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குப் பானைக்குள் எரிவாயு என்று முடிவாகிவிடுகிறது. கிராக்கர் உலைகளைப் புதுப்பிப்பதும் இதே கதைதான்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். இனி உங்கள் மேசைக்கு வரும் எந்தத் திட்டமானாலும், அது புது ஆலையோ வெறும் குழாய் மாற்றமோ, முதல் பக்கத்தில் பானையைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். கார்பன் எந்த மூலத்திலிருந்து வருகிறது, அந்த மூலம் ஆலையின் ஆயுள் முழுக்க இருக்குமா, மின்சாரம் எந்த மணி நேரத்துக்கு உறுதி, பொருள் பயன்பாடு முடிந்து எங்கே போகும். எண்கள் பாதி ஊகமாக இருந்தாலும் பரவாயில்லை, ஊகம் என்று எழுதட்டும். அந்தப் பக்கம் காலியாக இருக்கும் கோப்பைத் திருப்பி அனுப்புங்கள். ஆலையை ஓட்டுகிறவர்களில் ஒருவரையாவது அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். மீத்தேன் எங்கே போகும், யூரியாவுக்கு வாயு எங்கே என்று அவர் கேட்பார், ஸ்லைடு போடுகிறவர் கேட்க மாட்டார்.

இந்த மடலுக்குப் பதில் எழுத நினைப்பவர்கள், நன்றி தெரிவித்து எழுத வேண்டாம். உங்கள் ஆலையில் ரிஃபார்மர் குழாய்கள் எந்த வருடம் மாற்றத்துக்கு வருகின்றன என்பதை மட்டும் எழுதுங்கள். அந்த வருடத்திலிருந்து பின்னோக்கி எண்ணினால், முடிவெடுக்க எத்தனை கூட்டங்கள் மிச்சம் என்று இருவருக்கும் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலைப் பொறியாளர் ஒருவர்